‘நர்சிங் அசிஸ்டென்ட்’: ராணுவத்தில் டாக்டருக்கு முன்னால் வந்து நிற்பவர்... வேலை என்ன, தகுதி என்ன, வெளியே வந்தால் என்ன?

பிளஸ் டூ-வில் பயாலஜி எடுத்த பலருக்கு நீட் ரிசல்ட் வந்த மறுநாள் எழும் கேள்வி, ‘‘சரி, அடுத்து என்ன?’’ பி.பார்ம், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், நர்சிங் என்று வழக்கமான பட்டியலை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வேலை ஒன்று உண்டு. ராணுவ ஆள்சேர்ப்பு அறிவிக்கையில் அக்னிவீர் பணிகளோடு சேர்ந்து சத்தமில்லாமல் இருக்கும் ஒரு வரி: ‘சோல்ஜர் டெக்னிக்கல் - நர்சிங் அசிஸ்டென்ட்’.

பெயரைப் பார்த்ததும், ‘‘நர்ஸுக்கு ஹெல்பர் வேலைதானே’’ என்று கடந்து போய்விடுகிறார்கள். உண்மையில் எல்லையில் ஒரு வீரருக்குக் குண்டு பட்டால், டாக்டரின் கை படும் முன்பு அவர் உடலில் படுவது இவருடைய கைதான். 108 ஆம்புலன்ஸில் வரும் இ.எம்.டி-யை யோசித்துப் பாருங்கள். அவருக்கு ராணுவச் சீருடை, துப்பாக்கி, பனிமலை மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஏறக்குறைய அதுதான் இந்த வேலை.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சீருடைக்குள் இருக்கும்வரை மதிப்புள்ள இந்தத் திறமைக்கு, வெளியே வந்ததும் அதே மதிப்பு தானாகக் கிடைத்துவிடாது. விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இந்த நர்சிங் அசிஸ்டென்ட்?

இந்திய ராணுவத்தின் மருத்துவப் பிரிவுக்கு ஆர்மி மெடிக்கல் கார்ப்ஸ், சுருக்கமாக ஏ.எம்.சி. என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சியில் தனித்தனியாக இருந்த மருத்துவ அமைப்புகளை இணைத்து 1943 ஏப்ரல் 3-ல் இது உருவானது. இதன் தலைமைப் பயிற்சி மையம் லக்னோவில் இருக்கிறது.

ராணுவ மருத்துவம் என்றதும் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். அங்கே நான்கு வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

டாக்டர்கள்: எம்.பி.பி.எஸ். முடித்து அதிகாரிகளாகச் சேர்பவர்கள்.

மிலிட்டரி நர்சிங் சர்வீஸ்: முறையாக நர்சிங் படித்த பெண் அதிகாரிகள். 1888-ல் பம்பாயில் வந்திறங்கிய பிரிட்டிஷ் நர்ஸ்களில் இருந்து தொடங்குகிறது இதன் வரலாறு.

நர்சிங் அசிஸ்டென்ட்: பிளஸ் டூ முடித்து சிப்பாயாகச் சேர்ந்து, ராணுவத்துக்குள்ளேயே மருத்துவப் பயிற்சி பெறுபவர். இந்தக் கட்டுரை இவரைப் பற்றியதுதான்.

போர்க்கள நர்சிங் அசிஸ்டென்ட்: இவர் மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவரே இல்லை. காலாட்படையில் சண்டையிடும் வீரர். கூடவே முதலுதவிப் பயிற்சியும் பெற்றவர். பக்கத்தில் நிற்கும் வீரர் விழுந்தால் முதல் கட்டு போடுவது இவர் பொறுப்பு.

கடற்படையிலும் விமானப்படையிலும் இதே வேலைக்கு ‘மெடிக்கல் அசிஸ்டென்ட்’ என்று பெயர்.

குண்டு பட்டால் என்ன நடக்கும்?

அடிபட்டவரை நேராக ஹெலிகாப்டரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதை சினிமாவில் பார்த்திருப்போம். நிஜத்தில் அது படிப்படியாக நடக்கும் பயணம்.

முதல் படி, விழுந்த இடம். அங்கே அவருக்கு உதவுவது சக வீரர் அல்லது போர்க்கள நர்சிங் அசிஸ்டென்ட். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரிலோ தோளிலோ ‘ரெஜிமென்டல் எய்ட் போஸ்ட்’டுக்கு வருவார். ஒரு பட்டாலியனின் மருத்துவ முகாம் அது. ஒரு டாக்டரும் அவருக்குக் கீழே சில நர்சிங் அசிஸ்டென்ட்களும் இருப்பார்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் அடிபட்டு வந்தால் ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? மற்றவர்களைப் பார்ப்பது நர்சிங் அசிஸ்டென்ட்தான்.

அடுத்து ‘அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷன்’. பிறகு அறுவை சிகிச்சை செய்யக்கூடிய களமுனை மையம் அல்லது கள மருத்துவமனை. அதற்கும் பின்னால் ராணுவ மருத்துவமனை, கமாண்ட் ஹாஸ்பிட்டல் என்று போகும். ஒவ்வொரு படியிலும் யாரை முதலில் அனுப்புவது, யார் காத்திருக்கலாம் என்று தரம் பிரிக்க வேண்டும். என்ன காயம், என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதை அட்டையில் எழுதி அடிபட்டவரோடு அனுப்ப வேண்டும். அந்த அட்டையில் ஒரு நேரம் தப்பாக இருந்தால், அடுத்த இடத்தில் இருக்கும் சர்ஜன் தப்பான முடிவெடுக்க வாய்ப்புண்டு.

முதல் சில நிமிடங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்?

இதற்கு ஓர் ஆய்வு தெளிவாகப் பதில் சொல்கிறது. 2001 முதல் 2011 வரை இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அடிபட்டு உயிரிழந்த 4,596 அமெரிக்க வீரர்களின் விவரங்களை ஆராய்ந்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 87% பேர் மருத்துவ மையம் போய்ச் சேரும் முன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் சுமார் 24% பேரின் காயங்கள், சரியான நேரத்தில் சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தவை. அந்த மரணங்களில் 91% ரத்தப்போக்கு தொடர்பானவை.

எனவேதான் போர்க்கள மருத்துவத்தின் முதல் பாடமே ரத்தத்தை நிறுத்துவது. கையிலோ காலிலோ அடி என்றால் ‘டூர்னிகே’ என்ற இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். மூட்டின் மேல் கட்டக்கூடாது. கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். வலிக்கிறதே என்று பாவப்பட்டு நடுவில் தளர்த்தக்கூடாது.

பாக்தாத்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. ரத்தம் இழந்து ‘ஷாக்’ நிலைக்குப் போவதற்கு முன்பே டூர்னிகே கட்டப்பட்டவர்களில் 90% பேர் பிழைத்தார்கள். ஷாக் வந்த பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10% பேர்தான். ஒரே பட்டை, அதே இறுக்கம். நேரம்தான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். குண்டுமழை நடக்கும்போது மூச்சுப் பாதையைச் சரிசெய்வது, டிரிப்ஸ் போடுவது எதுவும் கிடையாது. முதலில் திருப்பிச் சுட்டு எதிரியை அடக்கு, அடிபட்டவரை மறைவுக்கு இழு, ரத்தம் பீறிட்டால் டூர்னிகே கட்டு... அவ்வளவுதான். மற்றதெல்லாம் மறைவான இடத்துக்கு வந்த பிறகு. 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையில் இருந்து வளர்ந்த இந்த வழிமுறையைத்தான் இன்று பல நாட்டு ராணுவங்கள் பின்பற்றுகின்றன.

சண்டை இல்லாத நாள்களில்?

பெரும்பாலான நாள்கள் அப்படிப்பட்டவைதான். ஒரு யூனிட்டில் இருக்கும் நர்சிங் அசிஸ்டென்ட்டின் உலகம் ‘எம்.ஐ. ரூம்’. காய்ச்சல், சேற்றுப்புண், சுளுக்கு, வயிற்றுப்போக்கு என்று காலையிலேயே வரிசை கட்டுவார்கள். பி.பி. பார்ப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மருந்து இருப்பைச் சரிபார்ப்பது எல்லாம் அன்றாட வேலை. குடிதண்ணீரில் குளோரின் அளவு சரியா, முகாமைச் சுற்றிக் கொசு உற்பத்தி ஆகிறதா என்று பார்ப்பதும் மருத்துவப் பிரிவின் வேலைதான். வயிற்றுப்போக்கு பரவினால் துப்பாக்கிச் சண்டை இல்லாமலேயே ஒரு கம்பெனி படுத்துவிடும்.

ராணுவ மருத்துவமனையில் போஸ்டிங் கிடைத்தால் வேலை மாறும். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், லேப், எக்ஸ்-ரே, ரத்த வங்கி என்று பிரிவுகள் உண்டு. கூடுதல் பயிற்சி பெற்று இவற்றில் ஒன்றில் நிபுணத்துவம் பெறலாம். நோயாளிகளாக வருபவர்கள் வீரர்கள் மட்டும் இல்லை. அவர்களுடைய மனைவி, குழந்தைகளும் வருவார்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் குன்னூர் அருகே வெலிங்டனிலும் ராணுவ மருத்துவமனைகள் இருக்கின்றன. அதற்காக ஊருக்குப் பக்கத்திலேயே போஸ்டிங் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

சியாச்சின் போன்ற இடங்களில் எதிரியே வேறு. 1984 ஏப்ரலில் ‘ஆபரேஷன் மேக்தூத்’ தொடங்கியதில் இருந்து அங்கே நம் வீரர்கள் இருக்கிறார்கள். 20,000 அடிக்கு மேலும் காவல் நிலைகள் உண்டு. துப்பாக்கியைவிடக் குளிரும் உயரமும்தான் அங்கே அதிக உயிர்களை எடுத்திருக்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் வரும். ராணுவத்தில் அதை ‘ஹேப்போ’ என்பார்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று இருமலும் மூச்சிரைப்புமாகக் கிடப்பார்.

அதற்கு முதல் மருந்து கீழே இறக்குவதுதான். பனிப்புயலில் ஹெலிகாப்டர் வர முடியாவிட்டால்? காற்றடைக்கும் பெரிய பை ஒன்று இருக்கிறது. நோயாளியை அதற்குள் படுக்க வைத்து மூடி, பம்ப் செய்து உள்ளே அழுத்தத்தை ஏற்ற வேண்டும். உடம்புக்கு சில ஆயிரம் அடி கீழே இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். பைக்குள் காற்று புதுசாக வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் பம்ப் செய்வதை நிறுத்த முடியாது. வானிலை தெளியும்வரை மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கொரியாவில் ரயில் ஓட்டிய மருத்துவப் பிரிவு

இந்த வேலையின் வரலாற்றைத் தேடினால் தவறாமல் வரும் பெயர், 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். கொரியப் போரில் இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் கொரியா போய் இறங்கிய அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

போன கொஞ்ச நாளிலேயே ஐ.நா. படைகள் பியோங்யாங்கில் இருந்து பின்வாங்க வேண்டிய நிலை. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டுப் போனால் அந்தப் பிரிவு இருந்தும் பயனில்லை. ஒரு பழைய நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி பாய்லரை நிரப்பினார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு தாங்களே ரயிலை ஓட்டி வெளியேறினார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையோடு சேர்ந்து இந்தப் பிரிவின் சிறு குழு முன்சான் பகுதியில் குதித்து, களத்திலேயே சிகிச்சை அளித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

அதே பிரிவு 2023 பிப்ரவரியில் மறுபடி செய்தியில் வந்தது. துருக்கி நிலநடுக்கத்துக்கு இந்தியா அனுப்பிய 99 பேர் கொண்ட மருத்துவக் குழு இந்த 60 பாரா ஃபீல்டு ஹாஸ்பிட்டல்தான். இஸ்கெண்டரூன் நகரில் 30 படுக்கைகளோடு மருத்துவமனையை நிறுவி ஆயிரக்கணக்கானோருக்கு சிகிச்சை தந்தார்கள். அந்தக் குழுவில் டாக்டர்களோடு துணை மருத்துவப் பணியாளர்களும் இருந்தார்கள்.

கையில் துப்பாக்கி... எதிரிக்கும் சிகிச்சையா?

ஆமாம், இரண்டும் உண்டு. 1949 ஜெனிவா ஒப்பந்தப்படி, மருத்துவப் பணிக்கு மட்டுமே நியமிக்கப்பட்டவர்களைத் தாக்கக்கூடாது. அவர்கள் தங்களையும் தங்கள் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ள ஆயுதம் வைத்திருக்கலாம். எதிரியிடம் சிக்கினால் அவர்கள் போர்க் கைதி கணக்கில் வரமாட்டார்கள். சிறைப்பட்ட தங்கள் நாட்டு வீரர்களுக்கு சிகிச்சை அளிக்கவே வைத்துக்கொள்ளப்படலாம்.

அதே ஒப்பந்தம் ஒரு கடமையையும் சுமத்துகிறது. அடிபட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்கக்கூடாது. யாருக்கு மருத்துவ ரீதியாக அவசரமோ அவருக்குத்தான் முதல் சிகிச்சை. இதை அமல்படுத்த இந்தியாவில் 1960-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சற்று முன் நம் ஆளைச் சுட்டவன் ஸ்ட்ரெச்சரில் வந்தாலும் கை நடுங்காமல் கட்டுப் போட வேண்டும். மருத்துவப் பயிற்சியைவிடக் கஷ்டமான பகுதி இதுவாகக்கூட இருக்கலாம்.

சேர என்ன தகுதி?

ராணுவ நர்சிங் அசிஸ்டென்ட் பணிக்கு பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மொத்தத்தில் 50%, ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 40% மதிப்பெண் தேவை. உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது பதினேழரை முதல் 23 வரை. இந்தப் பணி இப்போதைக்கு ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு நர்சிங் படித்து மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் அதிகாரியாகச் சேரும் வழி இருக்கிறது.

விண்ணப்பம் ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளம் வழியாக மட்டுமே. முதலில் கணினி வழித் தேர்வு. அதில் தேறினால் ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப்ஸ், பள்ளம் தாண்டுதல் உள்ளிட்ட உடல் தகுதித் தேர்வு. பிறகு மருத்துவப் பரிசோதனை. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி ஆகிய இடங்களில் ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் உள்ளன. ‘‘காசு கொடுத்தால் வேலை வாங்கித் தர்றேன்’’ என்று யாராவது வந்தால், நேராகப் போலீஸிடம் போகலாம்.

டி.பார்ம் அல்லது பி.பார்ம் முடித்தவர்களுக்கு ‘சிப்பாய் ஃபார்மா’ என்று தனிப் பணி இருக்கிறது. அதற்கு வயது 19 முதல் 25.

நாலு வருஷமா, நிரந்தரமா? சம்பளம் எவ்ளோ?

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தபிறகு பலருக்கும் வரும் முதல் சந்தேகம் இதுதான். அக்னிவீரர்களுக்கு நான்கு ஆண்டுப் பணி. அவர்களில் அதிகபட்சம் 25% பேர்தான் தொடர்வார்கள். நர்சிங் அசிஸ்டென்ட்டும் சிப்பாய் ஃபார்மாவும் சமீபத்திய அறிவிக்கைகளில் அந்தத் திட்டத்துக்கு வெளியே, வழக்கமான பணிகளாகவே வருகின்றன. இருந்தாலும் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுவது நல்லது.

7-வது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். அதோடு மாதம் 5,200 ரூபாய் ராணுவச் சேவை ஊதியம். அகவிலைப்படி தனி, கஷ்டமான இடங்களில் பணி என்றால் அதற்கான படிகளும் உண்டு. குறைந்தது 15 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியம்.

19 வயதில் சேர்பவர் முப்பதுகளின் நடுவிலேயே பென்ஷனோடு வெளியே வர முடியும் என்று அர்த்தம். இதற்கப்புறம் இன்னும் பாதி வாழ்க்கை பாக்கி இருக்கிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

வெளியே வந்தால் ‘நர்ஸ்’ ஆக முடியுமா?

முடியாது. ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் பதினைந்து வருஷம் ஊசி போட்டிருக்கலாம், ஆபரேஷன் தியேட்டரில் நின்றிருக்கலாம், பனிமலையில் உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் வெளியே நர்ஸாக வேலை செய்ய மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அங்கீகரிக்கப்பட்ட நர்சிங் படிப்பு வேண்டும். ராணுவ அனுபவம் மட்டும் அந்த இடத்தை நிரப்பாது.

15 ஆண்டு சேவை முடித்த, பத்தாம் வகுப்பு தேறிய வீரர்களுக்குப் பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழ் ஒன்று தருகிறார்கள். ‘‘அது போதுமே’’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தொழில்நுட்பத் தகுதி கேட்காத அரசுப் பணிகளுக்குத்தான் அது உதவும். மருத்துவத் துறை வேலைகள் எல்லாமே தொழில்நுட்பத் தகுதி கேட்பவை.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்க ராணுவத்தின் காம்பாட் மெடிக், பயிற்சியின்போதே நாடு முழுக்கச் செல்லும் இ.எம்.டி. தேர்வில் தேற வேண்டும். அந்தச் சான்றிதழ் சீருடைக்கு வெளியிலும் செல்லும். 1965-ல் டியூக் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்துவிட்டு வந்தவர்களின் அனுபவம் வீணாகிறதே என்று, அவர்களைக் கொண்டே ‘ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்’ என்ற புதிய படிப்பைத் தொடங்கியது. இன்று அது அமெரிக்காவில் பெரிய மருத்துவத் தொழில்.

இந்தியாவிலும் கதவு முழுக்க மூடியில்லை. துணை மருத்துவத் துறைகளுக்கென 2021-ல் தனி ஆணையச் சட்டம் வந்தது. லேப், ரேடியாலஜி, பிசியோதெரபி, அவசர மருத்துவம் போன்ற தொழில்களில் இருப்பவர்களுக்கு மத்திய, மாநிலப் பதிவேடுகள் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பதிவு என்று வந்துவிட்டால், ‘எந்த நிறுவனத்தில், என்ன பாடத்திட்டத்தில் படித்தீர்கள்?’ என்ற கேள்வி இன்னும் கறாராகும். காகிதம் சரியாக இருப்பவருக்கு நல்லது, இல்லாதவருக்குச் சிரமம்.

முன்னாள் படைவீரர்களுக்காக 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் ஒப்பந்த அடிப்படையில் நர்சிங் அசிஸ்டென்ட், லேப் டெக்னீஷியன் போன்ற பணிகள் வருகின்றன. அங்கே ராணுவ அனுபவத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10% இட ஒதுக்கீடும் இருக்கிறது.

சேரும் முன்பே செய்ய வேண்டியவை

ஒன்று: பயிற்சி முடிந்து பணியில் சேர்ந்ததும் லேப், எக்ஸ்-ரே, ஆபரேஷன் தியேட்டர் என ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவுக்கு முயற்சி செய்யுங்கள். பொதுவான வார்டு அனுபவத்தைவிட வெளியே அதற்குக் கிராக்கி அதிகம்.

இரண்டு: எந்தப் பயிற்சிக்கு அனுப்பினாலும், ‘‘இந்தச் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகம் அல்லது கவுன்சிலின் பெயரில் வருது?’’ என்று கேளுங்கள். ராணுவத்தின் உள் சான்றிதழ் மட்டும் என்றால், வெளியே செல்லுபடியாகும் தகுதி வேறு என்ன தேவை என்று அப்போதே திட்டமிடலாம். முப்பத்தைந்து வயதில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு நடுவே மூன்று வருஷப் படிப்புக்குப் போய் உட்காருவது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

மூன்று: எங்கே, எந்தப் பிரிவில், எவ்வளவு காலம், என்ன பயிற்சி என்ற விவரங்களை ஆரம்பத்தில் இருந்தே தேதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தபிறகு பழைய யூனிட்டில் இருந்து சான்றிதழ் வாங்க அலைவதைவிட அது சுலபம்.

நான்கு: இது நீட் தேர்வில் விட்டதைப் பிடிக்கும் குறுக்கு வழி கிடையாது. டாக்டராகும் படிக்கட்டும் இதற்குள் இல்லை. முதலில் சிப்பாய், பிறகுதான் மருத்துவப் பணியாளர் என்ற வரிசை யாருக்குச் சம்மதமோ அவருக்குத்தான் இந்த வேலை ஒத்துவரும். சம்மதம் என்றால், பிளஸ் டூ பயாலஜி மதிப்பெண்ணை வைத்து 19 வயதிலேயே கிடைக்கும் நிரந்தர அரசு வேலைகளில் இவ்வளவு பொறுப்பு உள்ளவை மிகக் குறைவு.